கடைசி வரியை முதலில் படி!



குற்றாலத்துப் பேரருவியிலே ஒரு வளைவு உண்டு. பாதுகாப்பு வளைவு என்பார்கள். சாரல் காலத்திலே தண்ணீர் அந்த வளைவுக்குள் விழுந்தால் குளிக்கலாம், குதூகலிக்கலாம். வளைவைத் தாண்டிக் கொட்டத் தொடங்கினாலோ, காவலரின் ஊதல் ஒலிக்கும், கூட்டம் விலகும். நேற்று உடல் குளிர்வித்த அதே அருவிதானே என்று எவரும் வாதாடி நிற்பதில்லை. அருவி அதேதான், அளவு மீறிவிட்டது, அவ்வளவுதான். மீறியதைக் காட்ட ஒரு வளைவு இருப்பதால், பிழைக்கிறது பல உயிர்.

செய்தியும் இன்று அருவியாகத்தான் கொட்டுகிறது. காலையிலே நாளேடு. பெட்டிக்கடை வாசலிலே தொங்கும் செய்திச் சுவரொட்டி. தேநீர்க் கடையிலே ஓயாது கூவும் தொலைக்காட்சி. இவற்றையெல்லாம் மிஞ்சி, சட்டைப் பையிலே சிணுங்கும் கைப்பேசி! நனையாத தோழர் எவரும் இல்லை. நனைவது தவறல்ல. மூழ்குவதுதான் தவறு. இந்த அருவிக்கு வளைவு எது?

வளைவு ஒன்று இருக்கிறது. நாளேட்டின் ஏதோ ஒரு பக்கத்தில், அடியிலே, எறும்பு ஊர்வது போன்ற பொடி எழுத்திலே ஒரு வரி இருக்கும். அச்சிட்டவர் இன்னார், வெளியிட்டவர் இன்னார், ஆசிரியர் இன்னார், அச்சான இடம் இன்னது என்று அது சொல்லும். தலைப்பைப் படிப்போர் ஆயிரம். திரைப்படச் செய்தியைப் படிப்போர் பல்லாயிரம். இந்த வரியைப் படிப்போர் எவருமிலர்! அந்தக் கடைசி வரியை முதலில் படியுங்கள் என்று சொல்லவே இன்று எழுதுகிறேன்.

ஏன் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டும்; கேட்பதுதான் நமக்கு அழகு.

மொட்டைக் கடுதாசி என்ற சொல் நம் ஊரில் குழந்தைக்கும் தெரியும். பெயர் போடாமல், ஊர் போடாமல், ஒருவன்மீது பழி தூற்றி எழுதப்படும் கடிதம் அது. கல்யாணத்தைக் கெடுக்கவும், வேலையைப் பறிக்கவும், அண்ணனையும் தம்பியையும் பிரிக்கவும் அதை ஏவுவார்கள். அது வந்தால் நம் வீட்டுப் பெரியவர்கள் என்ன செய்வார்கள்? எடுத்த எடுப்பில், "பேர் இருக்கா பார்" என்பார்கள். இல்லையென்றால் அடுப்பில் போடுவார்கள். பள்ளி வாசலை மிதிக்காத பாட்டிக்கும் அந்தப் பகுத்தறிவு இருந்தது! பட்டம் பெற்ற பேரன், கைப்பேசியிலே வந்த மொட்டைக் கடுதாசியை, பேர் இருக்கா என்று பாராமல், ஊருக்கே படியெடுத்து அனுப்புகிறான். பாட்டி அறிவாளியா, பேரன் அறிவாளியா? சொல்லுங்கள்!

பெயர் போடுவது அச்சு யந்திரத்தோடு வந்த வழக்கம் என்று எண்ணிவிட வேண்டாம். கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் பாருங்கள். நிலம் விற்றதோ, நீர் விட்டதோ, வரி நீக்கியதோ எழுதி முடித்த பின், இறுதியிலே 'இவை இன்னார் எழுத்து' என்று கையொப்பக்காரர்களின் பெயர் வரும். நம் தென்காசியிலே, 15ஆம் நூற்றாண்டில் கோயில் எடுப்பித்த பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் இதற்குக் கேடு வந்தால் வந்து காப்பவர் எவராயினும் அவரை வணங்குகிறேன் என்ற கருத்தைத் தன் பெயரால் கல்லில் வெட்டி வைத்தான். கோயில் வேண்டும், வேண்டாம் என்ற விவாதம் வேறு. சொன்னவன் தன் சொல்லுக்குக் கீழே நிற்கிறானே, அதைக் கவனியுங்கள்.

புராணத்திலும் ஓர் இடம் உண்டு. பெரியபுராணம் என்றதும் புருவத்தை நெரிக்காதீர்கள். கதையைக் கதையாகவே கேளுங்கள். கிழவர் வேடத்தில் வந்த கடவுள், மணப்பந்தலிலே புகுந்து, மணமகன் சுந்தரரைத் தன் அடிமை என்கிறார். ஓலை காட்டுகிறார். சுந்தரர் அதைப் பறித்துக் கிழிக்கிறார். கிழிந்தது படி ஓலைதான், மூல ஓலை என்னிடம் உள்ளது என்கிறார் கிழவர். திருவெண்ணெய்நல்லூர்ச் சபை கூடுகிறது. வழக்கமாக நடந்து வருகிறதா, எழுத்து ஆதாரம் உண்டா, கண்ட சாட்சி உண்டா என்று கேட்கிறது. மூல ஓலையைக் கொண்டுவா என்கிறது. பாட்டனார் எழுதிய வேறு ஓலையை எடுத்து வந்து இரண்டு எழுத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. அதன் பிறகே தீர்ப்பு!

ஆண்டவனே ஓலை கொண்டு வந்தாலும் கையெழுத்தைப் பார் என்றது அந்தக் கதையின் சபை. அந்தக் கதையைக் கண்ணீர் மல்கக் கேட்கிறவர், மறுநாள் காலை, யார் எழுதியது என்றே தெரியாத ஒன்றை ஐம்பது பேருக்கு அனுப்புகிறார். படி ஓலைக்குப் படி ஓலை, அதற்கும் படி ஓலை! மூல ஓலை எங்கே என்று கேட்பார் இல்லை.

அச்சின் கதைக்கு வருவோம். அது பிறந்த இடம் நமக்கு அயலூர் அல்ல. செங்கோட்டை தாண்டி, ஆரியங்காவுக் கணவாய் வழியே புனலூர் கடந்து மேற்கே இறங்கினால் கொல்லம். அங்கேதான் 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள், இந்திய மண்ணிலே தமிழ் எழுத்தால் அச்சான முதல் நூல், 'தம்பிரான் வணக்கம்', வெளிவந்தது. பதினாறே பக்கம். அண்டிரிக்குப் பாதிரியார் தமிழாக்கியது. அந்த நூல் தானே தன் பிறப்பைச் சொல்கிறது: மொழிபெயர்த்தவர் பெயர் உண்டு, அச்சான இடம் உண்டு, நாள் உண்டு. அது மதம் பரப்ப வந்த ஏடு. ஆனாலும் முகத்தை மூடிக்கொண்டு வரவில்லை. யார், எங்கே, எப்போது என்ற மூன்றுக்கும் விடை தந்துவிட்டுத்தான் பேசத் தொடங்கியது.

பிறகு 1713இல் தரங்கம்பாடியிலே தமிழ் அச்சகம். அதன்பின் நெடுங்காலம், அச்சு யந்திரம் பாதிரிமார் கையிலும் கும்பெனியார் கையிலும். 1835ஆம் ஆண்டுச் சட்டம் உரிமத் தடையை நீக்கிய பிறகே, நம்மவர் கைக்குத் தாராளமாக வந்தது. சுதேசமித்திரன் 1882இல் வந்தது. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் ஏழை எளியோரும் வாங்கட்டும் என்பதுபோல் 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தினார். ஈரோட்டிலே 1925இல் குடி அரசு. மதுரையிலே 1942இல் தினத்தந்தி, எளிய தமிழிலே தேநீர்க் கடைவரை. பேசும் உரிமை அற்றுக் கிடந்தவன் வாய் திறக்க ஈய எழுத்து உதவியது.

அதற்கு முன் ஊருக்குச் செய்தி சொன்னவன் யார்? தண்டோராப் போட்டவன். தோள் அவனுடையது, பறை அவனுடையது, தொண்டை அவனுடையது. சேதி மட்டும் அவனுடையதல்ல! மேலே உள்ளவர் சொன்னதைத் தெருத்தெருவாகக் கூவ வேண்டும். தன் குறையைக் கூவக்கூடாது. சாதியின் பெயரால் சுமத்தப்பட்ட அந்த வேலையை, 2022ஆம் ஆண்டிலேதான் தமிழக அரசின் தலைமைச் செயலாளர் சுற்றறிக்கை விட்டு நிறுத்தச் சொன்னார். அறிந்துகொள்ளுங்கள் தோழர்களே: எவரோ எழுதியதை, எதற்கென்று தெரியாமல், தெருத்தெருவாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பவன், கூலி வாங்காத தண்டோராக்காரன். நம் பாட்டன் வேறு வழியின்றிச் செய்ததை நாம் விரும்பிச் செய்வதா?

இனி, அந்தக் கடைசி வரிக்கு வருவோம். 1857 கிளர்ச்சி கண்டு நடுங்கிய வெள்ளையராட்சி, பத்தாண்டு கழித்து, 1867இல் ஒரு சட்டம் செய்தது. அச்சாகும் ஒவ்வொரு தாளிலும் அச்சிட்டவர் பெயரும் இடமும் இருந்தாக வேண்டும் என்றது. வாசகன் நலம் கருதியா? அல்ல, அல்ல! ஆட்சியை எதிர்த்து எழுதினால் பிடித்து உள்ளே போட ஓர் ஆள் வேண்டுமே, அதற்காக. ஆனால் கெட்ட எண்ணத்தோடு கொடுத்த அந்தக் கட்டாயம் நம்மவர் கையிலே வீரமாக மாறிற்று. 1933 அக்டோபரில் 'இன்றைய ஆட்சி முறை ஏன் ஒழிய வேண்டும்?' என்று குடி அரசு தலையங்கம் தீட்டியது. யார் எழுதியது என்று தேடி அலைய வேண்டிய தேவை அரசாங்கத்துக்கு இல்லை. கடைசி வரி இருக்கிறதே! ஆசிரியர் பெரியாரும், வெளியிட்டவர் என்ற முறையில் அவருடைய தங்கை கண்ணம்மாளும் தண்டிக்கப்பட்டனர். எழுதினேன், ஆம்; என் பெயர்தான், ஆம்; சிறையா, சரி! அப்படி அந்தப் பொடி எழுத்து, ஒரு மனிதன் தன் சொல்லுக்குத் தன் உடலைப் பிணையாக வைத்த பத்திரம் ஆயிற்று.

1867ஆம் ஆண்டுச் சட்டம் 2024 மார்ச் முதல் நாளோடு ஓய்ந்து, 2023இல் இயற்றிய புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. சட்டம் மாறலாம். பேசியவன் பொறுப்பேற்க வேண்டும் என்ற நெறி மாறக்கூடாது.

அந்த நெறி இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது? 2018ஆம் ஆண்டு மே மாதம். பிள்ளை பிடிப்பவர்கள் வந்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பிலே ஒரு வதந்தி வட மாவட்டங்களைச் சுற்றியது. எழுதியவன் பெயர் இல்லை. மே 9ஆம் நாள், போளூர் அருகே குலதெய்வம் கும்பிடக் காரிலே வந்த குடும்பம் ஒன்று வழி கேட்டது. குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தது. அன்பாகக் கொடுத்த மிட்டாய் குற்றமாயிற்று! கூட்டம் திரண்டது. 65 வயது மூதாட்டி அடித்தே கொல்லப்பட்டார்; உடன் வந்தோர் குற்றுயிரானார்கள். அதே நாட்களில் பழவேற்காட்டிலும் ஒருவர் அப்படியே மாண்டார். அடித்தவர்கள் பிடிபட்டனர். எழுதியவன்? கடைசி வரி இல்லாத காகிதத்துக்குச் சொந்தக்காரன் ஏது?

2023 மார்ச். தமிழ்நாட்டிலே பீகார்த் தொழிலாளரைக் கொல்கிறார்கள் என்று காணொளிகள் பறந்தன. எங்கோ எப்போதோ நடந்த அடிதடிகளை எடுத்து, தமிழ்நாடு என்று பெயர் ஒட்டி அனுப்பினார்கள். இவை பொய் என்று தமிழகக் காவல்துறை அறிவித்தது. பீகாரிலிருந்து அதிகாரிகள் வந்து பார்த்துச் சென்றார்கள். அதற்குள், உழைக்க வந்த ஏழை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலடிக்கு ஓடினான். அவன் நம்மைப்போல் ஒரு தொழிலாளி! அவனுக்கும் நமக்கும் பகை மூட்டிவிட முதலும் தேவைப்படவில்லை, முகமும் தேவைப்படவில்லை. வடநாட்டு நாளேடு ஒன்றும் அந்தப் பொய்யை அச்சிட்டது. அதன் ஆசிரியர் மீது வழக்குப் பதிவாயிற்று. வேறுபாட்டைப் பாருங்கள்: ஏடு பொய் சொன்னபோது பிடிக்க ஒரு பெயர் இருந்தது.

"ஏடும் பொய் சொல்லும் என்று நீயே ஒப்புக்கொண்டாயே!" என்று மடக்குவீர்கள். மடக்குங்கள்! அடுத்து நான் சொல்ல வருவதே அதுதான்.

கடைசி வரி முதல் கேள்விக்குத்தான் விடை. ஒரே கேள்வியோடு நின்றுவிட்டால், பெரிய பெயர் போட்ட பெரும் பொய்யை விழுங்கி விடுவோம். சொன்னவர் யாராயினும் உள்ளே உள்ள உண்மையைப் பார் என்று வள்ளுவர் சொன்னதை மேடைதோறும் முழங்குகிறோம்; தேநீர்க் கடையிலே மறந்துவிடுகிறோம். 2009ஆம் ஆண்டுத் தேர்தல்களின்போது, காசு வாங்கிக்கொண்டு விளம்பரத்தைச் செய்தியாக அச்சிட்ட கேடு அம்பலமாயிற்று. இந்தியப் பத்திரிகை மன்றமே அதை ஆராய்ந்து 2010இல் அறிக்கை தந்தது. அங்கே கடைசி வரி இருந்தது, நாணயம் இல்லை. ஆகவே இரண்டாம் கேள்வி: இதை நான் நம்பினால் யாருக்கு இலாபம்? மூன்றாம் கேள்வி: வேறு ஏடு இதைப் பற்றி என்ன சொல்கிறது?

நான்காவதாக ஒன்று: இதில் எது இல்லை? நெருக்கடி நிலைக் காலத்திலே தணிக்கை வந்தது. கைதானவர் பட்டியலை வெளியிட முடியாது. 1976 பிப்ரவரி 3, அண்ணா நினைவு நாள். முரசொலி என்ன செய்தது? அண்ணா சதுக்கத்துக்கு மலர்வளையம் வைக்க வர இயலாதோர் பட்டியல் என்று பெயர்களை வெளியிட்டது! தணிக்கை அதிகாரி எழுத்தைத்தான் பார்த்தார். வாசகன் எழுத்துக்கு நடுவே இருந்த சிறைக் கம்பியைப் பார்த்தான். ஒரு சொல் கூடப் புரட்டவில்லை, ஒரு பொய் கூடச் சொல்லவில்லை. ஆனால் செய்தி சேர வேண்டிய இடம் சேர்ந்தது. அத்தகைய வாசகன் இருந்ததால்தான் அத்தகைய எழுத்து பிழைத்தது.

இந்த நான்கு கேள்வியையும் எதிரியின் ஏட்டிடம் மட்டும் கேட்டால் போதாது, தோழர்களே. நம் ஏட்டிடமும் கேளுங்கள். இந்தத் தலையங்கத்திடமும் கேளுங்கள்! நமக்குப் பிடித்த செய்தி பொய்யாக இருக்காது என்ற எண்ணமே, பொய்யன் நம் வீட்டுக்குள் நுழைய நாமே திறந்து வைக்கும் கொல்லைக் கதவு. மாற்றான் ஏட்டை எரிப்பது எளிது, ஒரு தீக்குச்சி போதும். அதைப் படித்து, பிழையைக் காட்டி, வாயடைக்கச் செய்வதற்கு மூளை வேண்டும்.

ஒன்றை மட்டும் பிரித்து அறியுங்கள். ஆலையிலே நடக்கும் அநீதியை ஒரு தொழிலாளி நிருபரிடம் சொல்கிறான். வேலை போய்விடும் என்பதால் பெயரை மறைக்கச் சொல்கிறான். அது மொட்டைக் கடுதாசி அல்ல. அவன் பெயரை மறைத்த ஆசிரியர் தன் பெயரைப் போட்டு, தன் தலையைக் கொடுக்கிறார். எளியவனைக் காக்க மறைப்பது ஒன்று. எளியவனைத் தாக்க ஒளிவது வேறொன்று.

என்ன செய்வது? வழி புதியதல்ல. கியூபா நாட்டு ஹவானா நகரத்துச் சுருட்டுத் தொழிற்சாலைகளிலே, 1865 முதல், ஒருவர் உரக்க ஏடு படிப்பார்; மற்றவர்கள் சுருட்டு உருட்டியபடி கேட்பார்கள். கேட்டுவிட்டு வாதாடுவார்கள். ஸ்பானிய ஆட்சி அடுத்த ஆண்டே அதற்குத் தடை போட்டது என்றால், அதன் வலிமை விளங்கும். மலைக்கு அப்பால் கண்ணூரிலும் பீடித் தொழிலாளர் அவ்வாறே ஏடு படிக்கக் கேட்டனர். நம் ஊர்ப் படிப்பகங்களும் முடிதிருத்தகங்களும் அதே வேலையைத்தான் செய்தன. ஒருவர் படிக்க, பத்துப்பேர் கேட்க, பொய்யானால் பத்துக் காதையும் தாண்ட வேண்டும். "எந்த ஊரில் நடந்தது? என் மச்சான் அந்த ஊர்தானே, அவன் சொல்லவில்லையே!" என்று ஒருவர் கேட்டால் போதும், பொய் படுத்துவிடும். கைப்பேசியோ ஒற்றைக் கண்ணோடு இரவிலே பேசுகிறது. குறுக்குக் கேள்வி கேட்க அருகிலே ஆள் இல்லை. கேள்வி கேட்கும் பத்துப்பேர் படிப்பகம். கேள்வி கேட்காத பத்துப்பேர் போளூரிலே கூடிய கூட்டம்.

ஆகவே, தென்காசியிலும், செங்கோட்டையிலும், கடையநல்லூரிலும், ஆலங்குளத்திலும் பீடித் தட்டை மடியில் வைத்திருக்கும் தாய்மார் நடுவிலே, ஆட்டோ நிறுத்தத்திலே, படிப்பகத் திண்ணையிலே நாளுக்கு அரைமணி நேரம் உரக்கப் படியுங்கள். இரண்டு ஏடுகளைப் படியுங்கள். ஒன்று நமக்குப் பிடிக்காததாக இருக்கட்டும். கைப்பேசியிலே இரட்டை அம்புக்குறியோடு வந்த சேதி பலர் கை மாறிய படி ஓலை. மூல ஓலை கிடைக்கும்வரை அனுப்பாதீர்கள். படம் வந்தால், இடம் எது, நாள் எது என்று கேளுங்கள். இரத்தம் கொதிக்க வைக்கும் சேதியானால், ஓர் இரவு ஆறப் போடுங்கள்.

அச்சகத்துக்குப் போகும் தோழர்களுக்குத் தனியாக ஒரு சொல். 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு, தேர்தல் துண்டறிக்கையிலும் சுவரொட்டியிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருந்தாக வேண்டும் என்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தண்டனைக்கு அஞ்சி அல்ல, தன்மானம் கருதிப் பெயர் போடுங்கள். மொட்டை நோட்டீஸ் அடித்துத்தான் வெல்ல முடியும் என்றால் அந்த வெற்றி நமக்கு வேண்டாம்.

எல்லாமே பொய் என்று கையை உதறிவிட்டுப் போவதும் அறிவல்ல. அது சோம்பலின் மறுபெயர். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியிலே திடீர் வெள்ளம் புரண்டு, பாளையங்கோட்டையைச் சேர்ந்த 17 வயதுப் பிள்ளை ஒருவன் பலியானான். மலைமேல் மழை பெய்வது கீழே குளிப்பவன் கண்ணுக்குத் தெரியாது. எச்சரிக்கைச் சொல் ஒன்றுதான் அவனுக்குக் கண். பழைய வெள்ளப் படத்தைப் புதிதென்று பத்துமுறை அனுப்பி ஊரை ஏமாற்றினால், பதினோராவது முறை உண்மை எச்சரிக்கை வரும்போது ஊர் சிரிக்கும், அருவி சிரிக்காது! பொய் கொல்லும். பொய்யால் செத்துப்போன நம்பிக்கையும் கொல்லும்.

வாய் பூட்டப்பட்டிருந்த நமக்கு எழுத்து சும்மா கிடைக்கவில்லை. பெயர் போட்டு எழுதியவர்கள் சிறை புகுந்து சேர்த்து வைத்த சொத்து அது. பெயரில்லாப் பேடிகள் அதைச் சூறையாட நாம் கூலியில்லா ஆள் ஆகலாமா?

சேதி வந்ததும் விரல் துடிக்கும். விரலை நிறுத்துங்கள். இவை யார் எழுத்து என்று கேளுங்கள். பதில் வந்தால் படியுங்கள், எடை போடுங்கள், பிறகு பேசுங்கள். பதில் வராவிட்டால், நம் பாட்டி காட்டிய அடுப்பு இருக்கிறது!